மறுகால் பாலத்து நிறுத்தம்

விஜயதசமியன்று காலையில் டிப்போவை விட்டுக் கிளம்பிய பன்னிரண்டு பஸ்களில் ஏழு பஸ்கள் பாதி வழியில் மக்கர் பண்ணின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்கும். விளக்குகள் அணையும், கதவுகள் திறந்துகொள்ளும். இரண்டு நிமிஷம் கழித்துத் தானாக உயிர் பெற்று, "வணக்கம். எங்கள் பேருந்தில் பயணம் செய்ய வந்திருக்கும் உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஏற்கெனவே ஏறி, டிக்கெட்டும் எடுத்து, ஜன்னலோர இடத்துக்குச் சண்டையும் போட்டு முடித்தவர்களுக்கு இந்த இரண்டாவது வரவேற்பு ரசிக்கவில்லை. கண்டக்டர்களைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டு வாங்குவதற்கு ஓட்டுநர் என்று ஒருவர் இல்லாத வண்டியில் அந்தப் பங்கும் கண்டக்டருக்குத்தான் வந்து சேரும்.

திருநெல்வேலிக்கு இந்தத் தனியார் கம்பெனியின் ஆளில்லா பஸ்கள் வந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. ஓட்டுவது கம்ப்யூட்டர். ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனியால் கண்டக்டர்களை மட்டும் அனுப்ப முடியவில்லை. சில்லறைக்குத் தகராறு செய்ய எதிரில் ஒரு மனித முகம் வேண்டும் என்று பயணிகள் நினைத்தார்கள், அந்த முகத்துக்குச் சம்பளம் வேண்டும் என்று யூனியன் பிடிவாதம் பிடித்தது. முன்வாசல் கம்பியில் கண்டக்டரின் கைக்கு எட்டும்படி ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கும். ஆபத்து என்று தோன்றினால் அதை இழுக்க வேண்டும், வண்டி நின்றுவிடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வண்டிகளின் மூளையைக் கவனித்துக்கொள்வது சண்முகவடிவின் வேலை. டிப்போவில் எல்லோருக்கும் வடிவு. இத்தனை நாளும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஒரு மெமரி அட்டைதான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த அட்டையில் ஒரு நடைக்கு மேல் இடம் கிடையாது. பாளையங்கோட்டையில் கிளம்பி சீவலப்பேரி போய்ச் சேர்ந்ததும், வழியில் பார்த்த மாடு, குழி, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் வண்டி மறந்துவிடும். நேற்று விழுந்த அதே குழியில் இன்றைக்கும் விழும். அதற்காகத்தான் வண்டிக்கு மூன்று அட்டைகள் கூடுதலாக வாங்கினார்கள். இனிமேல் எங்கள் பஸ் ஒரு வருஷத்துச் சாலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று மேனேஜர் கோமதிநாயகம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வடையும் காப்பியும் கொடுத்துச் சொல்லியிருந்தார். ஆகவே ஏழு வண்டிகள் நின்றதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் அந்தப் பத்திரிகைக்காரர்களே. சாயங்காலத்துக்குள் சரியாக வேண்டும் என்று வடிவிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சீவலப்பேரி சாலைக்கு மட்டும் வடிவு முடிந்தவரை போகமாட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாலையில், குளத்து உபரித் தண்ணீர் போகும் மறுகால் பாலத்துக்குச் சற்று முன்னால், கம்பெனியின் பஸ் ஒன்று உச்சிமாகாளி என்ற பெண்மேல் மோதிவிட்டது. கொய்யாப்பழக் கூடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தவள் அங்கேயே செத்துப்போனாள். அந்த வண்டியின் கண்டக்டர் ஆவுடையப்பன், வடிவின் கணவன். கைப்பிடியை இழுத்தேன், வண்டி நிற்கவில்லை என்று அவன் சொன்னான். வண்டி அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. மெமரியைக் காட்டுங்கள் என்று கோர்ட்டில் கேட்டபோது, மோதிய வேகத்தில் அழிந்துவிட்டது என்றது கம்பெனி. கவனக்குறைவு என்று ஆவுடையப்பனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. கண்டக்டர் பேட்ஜும் போயிற்று. இப்போது மார்க்கெட்டில் ஒரு பலசரக்குக் கடையில் எடை போடுகிறான். எவ்வளவு தூரமானாலும் சைக்கிள்தான். பஸ்ஸில் ஏறுவதில்லை.

அவன் ஜாமீனில் வந்த அன்று, சோறு போட்டுக்கொண்டே வடிவு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நெசமாவே இழுத்தீங்களா?"

அவன் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று படித்தவள். தன் புருஷன் பொய் சொல்கிற ஆளில்லை என்றும் குடித்தனம் நடத்தித் தெரிந்துகொண்டவள். எதை நம்புவது என்று முடிவுக்கு வராமலே நான்கு வருஷத்தை ஒரே வீட்டில் ஓட்டியாகிவிட்டது. அவனும் நல்லபடியாகத்தான் இருந்தான். மளிகை வாங்கி வந்தான், கரண்ட் பில் கட்டினான், பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தான். அவளோடு மனம் விட்டுப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

முதல் வண்டியின் பெட்டியைத் திறந்ததும் வடிவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. புது அட்டைகளின் பொன்னிறப் பற்களில் சந்தனம் காய்ந்து கிடந்தது. நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு வேறு.

ஃபிட்டர் பூதத்தானைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். ஆயுத பூஜையன்று புது அட்டைகள் அத்தனையையும் தாம்பாளத்தில் பரப்பி, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, இரவு முழுக்கச் சாமி முன்னால் வைத்திருந்தார்களாம். விஜயதசமி விடிந்ததும் நல்ல நேரம் பார்த்து வண்டிகளில் மாட்டினார்களாம். முன்பெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைப்போம், இப்போது ஸ்டியரிங்கே இல்லை, பிறகு எதற்குத்தான் வைப்பது என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

"அண்ணாச்சி, பொட்டு நெத்தியில வைக்கணும். பல்லுல கொண்டு அப்பி வச்சா அது எப்படிப் பேசும்?" என்றாள் வடிவு.

அந்தப் பற்கள் வண்டிப் பெட்டியின் பள்ளத்தில் போய் ஒட்டினால்தான் கம்ப்யூட்டரால் மெமரியைத் தொட முடியும். இடையில் சந்தனம் இருந்தால், வண்டி குலுங்கும்போது ஒரு கணம் தொடும், ஒரு கணம் விடும். விட்ட கணத்தில் தான் யார், எங்கே போகிறோம் என்பதெல்லாம் வண்டிக்கு மறந்துபோகும். பிறகு எழுந்து வணக்கம் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வடிவு இதைச் சொல்லி முடிப்பதற்குள் பூதத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கும் அழிரப்பரை ஒரு டப்பா வாங்கி வந்து, டிப்போவே உட்கார்ந்து பற்களைத் தேய்த்தது. நடுவில் இருக்கும் பொட்டையாவது விட்டுவைக்கச் சொல்லிப் பூதத்தான் கெஞ்சியதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பதினொரு வண்டிகள் சமர்த்தாக ஓடின. ஒன்பதாம் நம்பர் மட்டும் நின்றது.

அந்த வண்டியின் கண்டக்டர் ரெஜினா சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று வடிவு கேட்டதற்கு, மறுகால் பாலத்துக்கு முன்னாடி அக்கா, ஒவ்வொரு நடையிலும் அதே இடம்தான், வரும்போது நிற்பதில்லை, போகும்போது மட்டும்தான் என்றாள்.  வடிவு தன் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வண்டியிலேயே ஏறினாள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்ததும் வண்டி நின்றது. விளக்கு அணைந்து கதவு திறந்தது. பயணிகள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, இரண்டே நாளில் பழகிவிட்டார்கள் போலிருந்தது. ஒரு பெண் இடுப்பில் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்து கொய்யாப்பழம் விற்றாள். பழத்தை நாலாக வகிர்ந்து மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிக் கொடுத்தாள். அவளை வடிவுக்குத் தெரியும். கோர்ட் வாசலில் பார்த்திருக்கிறாள். செத்துப்போன உச்சிமாகாளியின் மகள் முப்பிடாதி. முப்பிடாதிக்கும் இவளை அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று வடிவு நினைத்தாள். அவளோ சோதனைப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தாள்.

"அக்கா, இதைச் சரிபண்ணவா வந்திருக்கீங்க?"

வடிவு ஆமாம் என்று தலையசைத்தாள்.

"எங்க அம்மைக்கி நிக்காத வண்டி எனக்கு நிக்கி. இருந்துட்டுப் போட்டும்க்கா" என்றாள் முப்பிடாதி. குரலில் கோபமில்லை. அடுத்த ஜன்னலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

டிப்போவுக்குத் திரும்பியதும் வடிவு ஒழுங்குமுறையாக வேலையை ஆரம்பித்தாள். நான்கு அட்டைகளில் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் வண்டியைப் பாலம் வரைக்கும் அனுப்பிப் பார்த்தாள். மூன்றாவது அட்டையைக் கழற்றியபோது வண்டி நிற்காமல் பாலத்தைத் தாண்டியது. கழற்றிய அட்டையை நான்காம் நம்பர் வண்டியில் மாட்டி அனுப்பினால், அதுவரை ஒழுங்காக ஓடிய நான்காம் நம்பர் அதே இடத்தில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. சோதனைப் பெட்டியோ அட்டையில் எந்தப் பழுதும் இல்லை என்றது. பழுதில்லை என்றால் தூக்கிப் போடவும் முடியாது, நிற்கிற வண்டியை அப்படியே விடவும் முடியாது. கூடவே சுற்றிக்கொண்டிருந்த ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கெட்டுப்போன அட்டை எங்க வேணும்னாலும் நிக்கும்" என்றாள் வடிவு. "இது இடம் பாத்து நிக்கி. இதுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாங்கி மூன்று நாளான புது அட்டைக்கு எந்த இடமும் தெரிந்திருக்க முடியாது. பெருவிரலால் குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் பொறித்திருந்த எண் தேய்ந்து போயிருந்தது. இந்த வருஷம் வாங்கிய வரிசை எண் அல்ல அது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பூதத்தானைத் தேடிப் போனாள். எண்ணைப் பார்த்ததும் அவர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டார். டிப்போவின் பூஜை அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், சாமி படங்களுக்குக் கீழே இருந்த சின்ன மர அலமாரியைத் திறந்தார். உள்ளே சிவப்புத் துணிமேல் ஒரு அட்டை பொட்டும் பூவுமாக வீற்றிருந்தது. அதன் எண் புத்தம் புதிது.

"அந்த வண்டியோட மெமரி இது" என்றார் பூதத்தான், வடிவின் கையிலிருந்ததைக் காட்டி. "நொறுக்கிப் போடச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாவ. ஒரு உசுரைக் குடிச்ச சாமான் மேடம். அதை எப்படிச் சுத்தியலால அடிக்க? கை வரலை. அப்படியே சாமிகிட்ட வச்சிட்டேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடுத்துத் தொடச்சு, பொட்டு வச்சு, திரும்ப உள்ள வைப்பேன். இந்த வருஷம் புது அட்டையும் அதே தாம்பாளத்துல இருந்துது. எல்லாத்துக்கும் ஒரே பொட்டு. விடியக்காலையில மாட்டும்போது மாறிட்டு."

ஆக, கொலைகாரன் என்று பயந்து நான்கு வருஷம் பூட்டி வைத்துக் கும்பிட்ட அட்டை ஒன்பதாம் நம்பரில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பாவமும் அறியாத புது அட்டை அலமாரிக்குள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் வடிவு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அன்று மத்தியானம் வேலை அறைக்கதவைத் தாளிட்டுக்கொண்டு பழைய அட்டையைச் சோதனைப் பெட்டியில் செருகினாள். அழிந்துபோயிற்று என்று கோர்ட்டில் சொன்ன நினைவு அப்படியே இருந்தது. அழிந்திருக்க வாய்ப்பே இல்லை. நடை முடிந்தால்தான் வண்டி மறக்கும். அந்த வண்டி அன்றைக்கு சீவலப்பேரி போய்ச் சேரவே இல்லை. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான்கு அட்டை மாட்டிய ஒன்பதாம் நம்பரோ இப்போது நடை முடிந்தாலும் எதையும் அழிப்பதில்லை. ஆகவே அந்த அட்டையைப் பொறுத்தவரை அதே நடைதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் வரிகள் வந்தன. முன்னால் சாலையைக் கடக்கும் ஆள் ஒன்று. அடுத்த வரி: கைப்பிடி இழுக்கப்பட்டது. அதற்கடுத்த வரி: நிறுத்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை, நிற்கும் பயணிகள் அதிகம், கீழே விழும் அபாயம் அதிகம், கடப்பவர் பின்வாங்க வாய்ப்பு உண்டு. அதன் கீழே, கைப்பிடி மறுபடி இழுக்கப்பட்டது. மறுபடி. மறுபடி.

வடிவு அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. கடைசி இழுப்புக்கு வண்டி பதிலே சொல்லவில்லை. அதற்குள் மோதியிருந்தது. பதில் கிடைக்காத அந்தக் கோரிக்கைதான் ஒவ்வொரு நடையிலும் அந்த இடம் வந்ததும் எழுந்து நின்றது. கைப்பிடியை யாரோ இழுத்திருக்கிறார்கள் என்கிறது அட்டை, யாருமே இழுக்கவில்லை என்கிறது கைப்பிடி. எதை நம்புவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தது. தன் கதையும் அதுதானே என்று வடிவுக்குத் தோன்றியது.

அட்டையை ஒன்பதாம் நம்பரிலேயே திரும்ப மாட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனபோது ஆவுடையப்பன் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவளுக்குச் சொல்ல முடியவில்லை. இயந்திரம் சொன்னதைக் கேட்டு அவனைச் சந்தேகப்பட்டாள். இப்போதும் இயந்திரம் சொன்னதைக் கேட்டுத்தான் நம்ப வந்திருக்கிறாள். இதை என்னவென்று சொல்வது? வெட்கமாக இருந்தது. குழம்புக்குப் புளி கரைத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போனாள். கோமதிநாயகம் கெட்ட மனுஷர் இல்லை. ஆவுடையப்பன் உள்ளே இருந்த மாதங்களில் இவள் வேலையைப் பிடுங்காமல் காப்பாற்றியவரே அவர்தான். விஷயம் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்றே வடிவு நம்பினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இதில் எதுவும் புதுச் செய்தி இல்லை என்பது அந்தக் கதவு சாத்தியதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். வண்டிகள் வந்த புதிதில் கைப்பிடியை இழுத்தால் உடனே நிற்கும்படிதான் இருந்தது. யாரோ ஒரு கண்டக்டர் நாய்க்கு இழுக்க, நின்றுகொண்டு வந்த ஒருவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு கேஸ் போட்டார். அதற்கப்புறம் தலைமை அலுவலகம் மாற்றிவிட்டது. கைப்பிடி வெறும் கோரிக்கை. நிற்பதா வேண்டாமா என்பதை வண்டி கணக்குப் பார்த்து முடிவு செய்யும். வண்டி மறுத்த கோரிக்கை அறிக்கையில் வராது. கண்டக்டர்களுக்குச் சொன்னால் பயந்துபோவார்கள் என்று சொல்லவில்லை.

"இப்பவும் அப்படித்தானா சார்?" என்று கேட்டாள் வடிவு. "ரெஜினா இழுத்தாலும் வண்டிதான் முடிவு பண்ணுமா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வடிவு, நான் சொல்லுததைக் கேளு. இது வெளிய போனா அத்தனை வண்டியையும் நிறுத்திருவாவ. எத்தனை கண்டக்டர் குடும்பம் தெருவுக்கு வரும்? ஆவுடையப்பன் தண்டனைய அனுபவிச்சு முடிச்சிட்டான். செத்தவளும் திரும்பி வரப்போறதில்ல. இனிமே தோண்டி யாருக்கு என்ன லாபம்?"

அவர் கெஞ்சுவது போலத்தான் பேசினார். ஆனால் கடைசியில் சொன்னது உத்தரவு. அந்த அட்டையை இப்போதே கழற்றிக் கொண்டுவர வேண்டும், தன் கண்ணெதிரே அது தூளாக வேண்டும். போன தடவை வேறொருவரிடம் கொடுத்த தப்பை இந்தத் தடவை அவர் செய்யப்போவதில்லை.

வடிவு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் பொட்டு வைத்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். சுத்தியல் கொண்டுவரச் சொல்லிப் பூதத்தானுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார், அட்டையைப் பார்த்தார், வடிவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், சுத்தியலை மேனேஜரிடம் நீட்டிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். குங்குமத்தைக் கண்டு கோமதிநாயகமும் கொஞ்சம் தயங்கினார். பிறகு கைக்குட்டையை அதன்மேல் விரித்து மூடிவிட்டு அடித்தார். அடித்து முடித்து, யாருக்கும் தெரியாமல் கும்பிடு ஒன்றும் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் நம்பரை இரண்டு நாள் ஷெட்டில் நிறுத்தித் துடைத்து அனுப்புகிறேன் என்றாள் வடிவு. தாராளமாக என்றார் அவர்.

அந்த வாரக் கடைசியில், கடை விடுமுறையன்று, ஒரு இடம் வரைக்கும் போய் வரலாம் என்று ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள். அவன் சைக்கிளை எடுக்கப் போனான். சைக்கிள் வேண்டாம், பஸ் என்றாள். அவன் அவளை உற்றுப் பார்த்தான்.  சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

ஒன்பதாம் நம்பரில் நல்ல கூட்டம். ரெஜினா அவர்களுக்கு முன்வாசல் அருகே இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆவுடையப்பன் சிவப்புக் கைப்பிடி கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். வண்டி பாளையங்கோட்டை எல்லையைத் தாண்டி வயற்காட்டுக்குள் இறங்கியது. பாலம் நெருங்க நெருங்க அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். 

பாலத்துச் சுவர் தெரிந்த இடத்தில் வண்டி நின்றது. விளக்கு அணைந்து கதவு திறந்தது.

அதே நேரம் வடிவின் போன் அடித்தது. மேனேஜர். ஒன்பதாம் நம்பர் இன்னைக்கும் நிற்கிறதாமே, அட்டையைத்தான் உடைத்துவிட்டோமே என்று பதறினார்.

"நீங்க ஒடச்சது அலமாரியில இருந்த புது அட்டை சார்" என்றாள் வடிவு. "பழசு வண்டியிலதான் இருக்கு. எங்க கேஸை நடத்துன வக்கீல் அம்மா மனு போட்டு நேத்து உத்தரவு வாங்கிட்டாங்க. கோர்ட்ல இருந்து ஆள் வந்து பாக்குற வரைக்கும் அந்தப் பெட்டிய யாரும் தொடக்கூடாது. உங்களுக்கும் நோட்டீஸ் வரும்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள். கம்பெனியில் தனக்கு இனி வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். உத்தரவு கைக்கு வந்ததும் கைப்பிடியின் லட்சணத்தை ரெஜினாவிடமும் யூனியனிடமும் சொல்லியாயிற்று. எத்தனை வண்டி நிற்கும், எத்தனை பேர் தன்னைச் சபிப்பார்கள் என்பதையும் யோசித்துப் பார்த்தாள். யோசித்துத்தான் செய்தாள்.

ஆவுடையப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் பேசியதிலிருந்து அவனுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். அவள் மீதியைச் சொன்னாள். அட்டை அலமாரியில் கிடந்ததையும், ஒன்றுக்கு நாலு தடவை இழுத்தது அதில் இருப்பதையும், வண்டி கணக்குப் பார்த்து மறுத்ததையும் சொன்னாள்.

"நீங்க இழுத்திருக்கீங்க" என்று முடித்தாள். "நான் அன்னைக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"அன்னைக்கே சொன்னேன்லா" என்றான் அவன். அதில் கோபமும் இருந்தது, அதைவிடக் களைப்பு அதிகம் இருந்தது.   பிறகு அவனே கேட்டான்.

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கும்?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம் எதுக்கு?" என்றான் ஆவுடையப்பன். "அன்னைக்கி ரெண்டு செகண்டு நின்னிருந்தா போதும்."

சொல்லிவிட்டு எழுந்து முன்கண்ணாடி அருகே போய் நின்றான். வடிவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். இடதுபக்கத்து ஜன்னல்களில் வியாபாரத்தை முடித்துக்கொண்ட முப்பிடாதி கூடையை இடுப்பில் ஏற்றி, வண்டியின் மூக்குக்கு முன்னாலேயே சாலையைக் கடக்க இறங்கினாள். பாதி தூரம் வந்தவள் நிமிர்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். யாரென்று தெரிந்துகொண்டாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. மறுபடி நடந்தாள். அவசரப்படவில்லை. ஆவுடையப்பனின் கை தானாகப் போய்ச் சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து அழுத்தமாக இழுத்து வைத்துக்கொண்டது. அது அணைந்து கிடக்கும் வண்டி, இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று வடிவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. முப்பிடாதி அந்தப் பக்கத்து மண்ணில் கால் வைக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.